குதிரைகள் இல்லாத குதிரைச் சந்தை



தலைநகர் டில்லிக்கு வருகிறவர்கள் செங்கோட்டையைப் பார்ப்பார்கள், குதுப் மினாரைப் பார்ப்பார்கள், நாள் மிஞ்சினால் ஆக்ராவுக்கும் போய்வருவார்கள். மேற்கு டில்லியில் ரகுபீர் நகர் என்றொரு பகுதி உண்டு என்பதை, இருபத்தைந்து ஆண்டுகளாக இந்நகரத்தில் ஊழியம் செய்துவரும் நானே அண்மைக்காலம்வரை அறியாதிருந்தேன். அங்கே 'கோடா மண்டி' என்னும் சந்தை கூடுகிறது. இந்தியில் கோடா என்றால் குதிரை. ஆனால் அங்கே குதிரை ஒன்றையும் நீங்கள் காணமாட்டீர்கள். நாமெல்லாரும் உடுத்திக் கழித்த பழைய துணிகளே அங்கு விற்கப்படுகின்றன. பொழுது புலருமுன், மூன்று நான்கு மணிக்கெல்லாம் அது தொடங்கிவிடுகிறது.

என்னை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது சபையில் எழுந்த ஒரு பிராது. குருகிராமில் வேலை பார்க்கிற வாலிபச் சகோதரி ஒருத்தி எங்கள் ஆராதனைக்கு வருகிறாள். நகை அணிவதில்லை, அது எங்கள் சபையின் வழக்கம். ஆனால் வாரந்தோறும் அவள் உடுத்திவருகிற ஆடை மற்றவர்களைத் திரும்பிப் பார்க்கச் செய்யும். ஒரு வாரம் பழைய சுங்குடிச் சேலையில் வெட்டித் தைத்த குர்தா. மறுவாரம் ஏதோ ஒரு தாத்தாவின் கையில்லாத கோட்டு, அதன் கீழே நீண்ட பருத்திப் பாவாடை. அடக்கமான ஆடைகளே, குறை சொல்ல முடியாது. எங்களுடைய மூப்பர் ஒருவர் விசாரித்து, அவற்றில் ஒன்றுகூடக் கடையில் வாங்கியதல்ல என்று கண்டுபிடித்தார். என்னிடம் வந்து இரண்டு குற்றங்களை வைத்தார். ஒன்று, இந்தப் பிள்ளை ஆடம்பரம் செய்கிறாள். இரண்டு, செத்தவர்கள் உடுத்திய துணியாக இருந்தாலும் இருக்கும், அசுத்தம். ஒரே ஆடையை ஒரே மனிதர் ஆடம்பரம் என்றும் அசுத்தம் என்றும் சொன்னது எனக்குச் சற்று வேடிக்கையாகவே இருந்தது. ஆயினும் அவர் வயதுக்கு மரியாதை கொடுத்து அவளை அழைத்துக் கேட்டேன்.

"ஐயா, நான் சொன்னால் விளங்காது. ஒருநாள் நீங்களும் அம்மாவும் என்னோடு வாருங்கள்" என்றாள்.

சென்ற குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை, மெட்ரோ ஓடத் தொடங்குமுன்பே ஆட்டோ பிடித்து, அவளும் அவள் தம்பியும் நானும் என் மனைவியும் அங்கே போனோம். மூடுபனியில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. தரையோடு தரையாக டார்ச் விளக்குகள் அசைவது மட்டும் தெரிந்தது. கிட்டப் போனபின் குவியல்கள் தெரிந்தன. குவியலுக்கு ஒரு பெண். சேலைகள் ஒரு பக்கம், கால்சட்டைகள் ஒரு பக்கம், குழந்தைகளின் கம்பளிச் சட்டைகள் ஒரு பக்கம். வாங்குகிறவர்கள் ஒவ்வொரு துணியையும் உதறிப் பிரித்து, விளக்கொளியைப் பின்னாலிருந்து காட்டி, ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தார்கள்.

விற்கிற பெண்களின் மூதாதையர் குஜராத்திலிருந்து வந்தவர்கள். தேவிபூஜக் சமூகத்தார் என்று சொல்லிக்கொள்கிறார்கள். வாக்ரி என்ற பழைய பெயரை இகழ்ச்சியாகவே உணர்கிறார்கள். சந்தை முடிந்ததும் எவர்சில்வர் பாத்திரங்களைச் சுமந்துகொண்டு குடியிருப்புகளுக்குப் போவார்கள். நம்மூர்த் தெருக்களில் பழைய துணிக்குப் பாத்திரம் என்று கூவிக்கொண்டு வருவார்களே, நினைவிருக்கிறதா? அதே தொழில்தான். பால் சட்டி ஒன்றுக்காக வீட்டுக்காரம்மாள் எத்தனை சேலை தருவாள், ஜரிகை உண்டா, கால்சட்டையில் முழங்கால் தேய்ந்திருக்கிறதா என்று வாசற்படியில் நின்று நெடுநேரம் பேரம் நடக்கும். அப்படிச் சேர்த்ததை மறுநாள் விடியலில் இங்கே விரிக்கிறார்கள். இங்கிருந்து துணிகளின் பாதைகள் பிரிகின்றன. நல்லவை சலவை செய்யப்பட்டு, பெட்டி போடப்பட்டு, கூலித்தொழிலாளிகள் வாங்கும் வாரச்சந்தைகளுக்குப் போகின்றன. பட்டுச்சேலைகள் வெட்டப்பட்டுத் தலையணை உறைகளாகவும், வெளிநாட்டுப் பயணிகள் விரும்பும் பாவாடைகளாகவும் மாறுகின்றன. ஒன்றுக்கும் உதவாத பருத்தித்துணி, இயந்திரம் துடைக்கிற துணியாகத் தொழிற்சாலைக்குப் போய்விடும்.

நமது வாலிபச் சகோதரி அங்கே ஒரு தேர்ந்த வியாபாரியைப்போல நடந்துகொண்டாள். நிறத்தை முதலில் பார்க்கக்கூடாதாம். கையால் தொட்டுத்தான் பார்க்கவேண்டுமாம். அக்குள் தையலும் கழுத்துப்பட்டியின் உள்மடிப்பும் கெட்டிருந்தால் உடனே போட்டுவிடுகிறாள். கறை இருந்தால் எடுக்கிறாள். அதை மறைத்து எதையாவது ஒட்டித் தைக்கலாமாம். வீட்டுக்குக் கொண்டுபோனதும் கொதிநீரில் சோடா போட்டு ஊறவைத்து, இரண்டு நாள் வெயிலில் காயவிடுகிறாள். மூப்பரின் இரண்டாம் குற்றச்சாட்டு அந்த வெயிலிலேயே உலர்ந்துபோயிற்று என்று எண்ணிக்கொண்டேன்.

அவள் பையில் ஒரு சிறிய நோட்டுப் புத்தகம் இருந்தது. மயூர் விஹாரிலிருந்து வருகிறபோது மெட்ரோ யமுனையைக் கடக்கிறதல்லவா? ஆற்றோரத்தில் கடுகு பூத்திருந்த மஞ்சள் வயலில் கத்தரிப்பூ நிற முக்காடிட்ட ஒரு பெண் குனிந்து வேலை செய்ததைப் பார்த்தாளாம். அந்த இரண்டு நிறங்களையும் பென்சிலால் தீட்டி வைத்திருந்தாள். நான்கு வாரமாக அந்த மஞ்சளுக்கு ஏற்ற துணியைத் தேடிக்கொண்டிருந்தாள். இன்னொரு பக்கத்தில் லோதி தோட்டத்துக் கல்லறைச் சுவரின் நிறம். நான் அந்த ஆற்றை ஆயிரம் முறை கடந்திருப்பேன். நாற்றம் எடுக்கிறது என்பதைத் தவிர வேறொன்றும் கவனித்ததில்லை.

வாலிபப் பிள்ளைகளுக்கு டில்லியில் சரோஜினி நகர் என்றால் நன்றாகத் தெரியும். அது வேறு. ஏற்றுமதிக்குத் தைத்து மீந்தவையும் தள்ளுபடியானவையுமே அங்கே பெரும்பாலும் வருகின்றன; ஒருவரும் உடுத்தாதவை. பானிபட்டும் வேறு. அங்கே குளிர்தேசங்களின் பழைய கம்பளிகள் காண்ட்லா துறைமுகம் வழியாக, மறுபடி உடுத்தமுடியாதபடி வெட்டப்பட்டு வந்து இறங்குகின்றன. பெண்கள் பொத்தானையும் ஜிப்பையும் அறுத்தெடுத்து, நிறம்நிறமாகப் பிரித்துப் போடுகிறார்கள். சிவப்பு சிவப்போடே சேருவதால் சாயம் போடாமலே நூலாகி, பேரிடர்க் காலங்களில் கொடுக்கிற மலிவான போர்வைகளாகிறது. ஆட்டுமயிரையும் பஞ்சுநூலையும் கலக்கக்கூடாது என்ற மோசேயின் பிரமாணத்தைக் கைக்கொண்டால் பானிபட்டில் ஒருவரும் பிழைக்கமுடியாது! பாலியெஸ்டர் போர்வை வந்தபின் அந்தத் தொழிலும் ஒடுங்கி வருகிறது.

மறுநாள் ஆராதனையில் இதையே பிரசங்கித்தேன். எரேமியா முப்பத்தெட்டாம் அதிகாரத்தை எடுத்துக்கொண்டேன். சேற்றுக்குழியிலிருந்து தீர்க்கதரிசியைத் தூக்க வந்த எபெத்மெலேக், கயிறு அவருடைய அக்குளை அறுத்துவிடாதபடி, அரமனைப் பொக்கிஷ அறையின் கீழிருந்த கந்தைத்துணிகளை முதலில் தேடி எடுத்தான். கயிறு மட்டும் போதும் என்று அவன் எண்ணவில்லை. பழந்துணிக்கும் தேவனுடைய திட்டத்தில் இடமுண்டு என்று சொல்லி, அந்த வாலிபச் சகோதரியைப் பெயர் சொல்லிப் பாராட்டினேன். சபையார் மகிழ்ந்தார்கள். எனக்கும் திருப்தி.

ஆராதனை முடிந்து செருப்புப் போடுகிற இடத்தில் ஒரு தாயார் நின்றுகொண்டிருந்தார்கள். ஜங்புராவில் பாராபுலா கால்வாய் ஓரம் இருந்த மதராசி கேம்ப் 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டதை நீங்கள் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அங்கிருந்த குடும்பங்களில் ஒரு பகுதிக்கே மாற்று வீடு கிடைத்தது. அதுவும் நகரத்தின் வடகோடியில், நரேலாவில். இந்தத் தாயார் அப்படி நரேலாவுக்குப் போனவர்கள். இன்றும் வேலைவீடுகள் ஜங்புராவில்தான். இருட்டில் புறப்பட்டு இருட்டில் திரும்புகிறார்கள்.

"ஐயா, தப்பா நினைக்காதீங்க. அந்தப் பாப்பா பழசு போட்டா அழகுன்னு சொல்றீங்க. என் பிள்ளை போட்டா, எந்த வீட்டு அம்மா குடுத்ததுன்னு கேக்குறாங்க. அந்தப் பாப்பா போய்ப் பொறுக்கி எடுக்குது. எங்களுக்குப் பையில கட்டிக் குடுக்கிறதை வேண்டாம்னு சொல்ல முடியாது. சொன்னா வேலை போயிரும்."

அவர்கள் கோபத்தோடு பேசவில்லை. எனக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை.

ஏனென்றால் நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மறைத்துவைத்த ஒரு காரியத்தை அந்தத் தாயார் அறியாமலே தொட்டுவிட்டார்கள். வேதாகமக் கல்லூரியில் படித்த நாட்களில் வெளிநாட்டு விசுவாசிகள் அனுப்பிய துணி மூட்டை வரும். எங்களில் வசதியற்றவர்களை மட்டும் தனியே ஓர் அறைக்குக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். எனக்குக் கிடைத்த வெள்ளைச் சட்டையின் கழுத்துப்பட்டிக்குள் யாரோ ஒருவருடைய பெயர் மையால் எழுதியிருந்தது. சவரக்கத்தியால் அதைச் சுரண்டியதில் துணியே நைந்து போயிற்று. விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது, புதிதாய்த் தைத்தது என்று என் தாயாரிடம் சொன்னேன். கிபியோன் குடிகள் பழைய ஆடையைக் காட்டி யோசுவாவை ஏமாற்றினார்கள். நான் பழைய ஆடையைப் புதியது என்று சொல்லி என் தாயை ஏமாற்றினேன்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. 2004 டிசம்பர் சுனாமிக்குப்பின் எங்கள் சபையும் மூட்டை மூட்டையாகத் துணி சேர்த்து அனுப்பியது. சில வாரங்கள் கழித்து நாகப்பட்டினம் போனபோது, நாடெங்குமிருந்து வந்த பழந்துணிகள் சாலையோரங்களில் குவிந்து, மிதிபட்டுக் கிடப்பதைக் கண்டேன். படகையும் வலையையும் பிள்ளைகளையும் இழந்த மீனவர்கள், அந்நியர் கழித்ததை உடுத்த மனமில்லாதிருந்தார்கள். நன்றியற்ற ஜனங்கள் என்று அன்று என்னோடு வந்தவர்களில் ஒருவர் முணுமுணுத்தார். நான் அவரை மறுத்துப் பேசவில்லை. அப்படித் தமிழகத்தில் தேங்கிய துணிகளை எடுத்துத் தரம்பிரித்துப் பயன்படுத்தியது 'கூஞ்ச்' என்னும் டில்லி அமைப்பு. அன்ஷு குப்தா 1999-இல் தொடங்கியது. 2015-இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. அவர்கள் கிராமத்தாருக்குத் துணியை இலவசமாக நீட்டுவதில்லை. ஊரார் தாங்களே தீர்மானித்து ஒரு கிணற்றைத் தோண்டுகிறார்கள், ஒரு பாதையைச் செப்பனிடுகிறார்கள். அந்த உழைப்புக்கு ஈடாகத் துணியைப் பெறுகிறார்கள். இதை நான் எப்போதோ வாசித்திருந்தேன். செருப்புப் போடுகிற இடத்தில்தான் அர்த்தம் விளங்கியது.

அடுத்த ஞாயிறு, பிரசங்கத்துக்குமுன் அந்த வெள்ளைச் சட்டையைப்பற்றிச் சபைக்கு முன்பாக அறிக்கையிட்டேன். கடந்த வாரம் பாதிச் சத்தியத்தைத்தான் பேசினேன் என்றும் சொன்னேன். மூப்பர் தலையைக் குனிந்துகொண்டார். பிற்பாடு, "பாஸ்டர், எனக்கும் அப்படி ஒரு கால்சட்டை இருந்தது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். பிராது திரும்ப வரவில்லை.

வாலிபச் சகோதரியோ பேசாமல் நரேலாவுக்கே பேருந்து பிடித்துப் போயிருக்கிறாள். அந்தத் தாயாரின் மகள் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். பிப்ரவரியில் ஒரு விடியலில் அவளையும் அழைத்துக்கொண்டு இரண்டாம் முறை கோடா மண்டிக்குப் போனோம். நான் நீட்டிய பணத்தை அவள் தாயார் வாங்கவில்லை. "எங்க காசுலயே எடுக்கட்டும் ஐயா" என்று இருநூறு ரூபாயை மகள் கையில் கொடுத்தார்கள். கூடவே, "புதுவருஷ ஆராதனைக்கு மட்டும் கடையிலதான் புதுத்துணி எடுப்பேன். அதுல யாரும் எனக்குப் புத்தி சொல்லக்கூடாது" என்றும் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்கள். ஒருவரும் சொல்லவில்லை.

இவளுக்கு எதையும் எடுத்துக் காட்டக்கூடாது என்று மூத்தவள் எங்களுக்கு முன்னமே கட்டளையிட்டிருந்தாள். நாங்கள் விலகி நின்று தேநீர் குடித்தோம். மூன்று குவியல்களைக் கிளறிவிட்டு ஒன்றும் எடுக்காமல் எழுந்தாள். நான்காவதில் கரும்பச்சை நிறத்தில் ஓர் ஆண்பிள்ளைக் கம்பளிக் கோட்டை இழுத்தெடுத்தாள். பொத்தான் ஒன்றுகூட இல்லை. விற்றவள் நூற்றைம்பது கேட்டாள். இவள் அறுபதில் தொடங்கினாள். டில்லியிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. அவளுடைய இந்தியின் வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. எண்பதுக்குத் தீர்ந்தது. எந்தப் பக்கத்துப் பெண் நீ என்று விற்றவள் சிரித்துக்கொண்டே கேட்க, "நரேலா" என்றாள். அங்கேயே போட்டுக்கொள்ளட்டுமா என்று எங்களைப் பார்த்தாள். கொதிநீரும் வெயிலும் கண்ட பிறகுதான் என்று மூத்தவள் கண்டிப்பாய்ச் சொல்லிவிட்டாள்.

இரண்டு வாரம் கழித்து அதை அணிந்துகொண்டு ஆராதனைக்கு வந்தாள். கையைக் குறைத்துத் தைத்திருந்தாள். தோள் இன்னும் பெரிதாகத்தான் இருந்தது. அவள் தாயாரும் அதையே என் மனைவியிடம் குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பொத்தான்கள் ஐந்தும் ஐந்து விதமாயிருந்தன. மேலிருந்து மூன்றாவதை நான் அடையாளம் கண்டுகொண்டேன். நெடுநாளாய் எங்கள் வீட்டுத் தையல் டப்பாவில் கிடந்தது அது.