பழுதான புதுவண்டியும் ஒரு முறையீட்டுக் கடிதமும்



பாடத்திட்டம், தேர்வு, தமிழ்ப்பள்ளி மாணவர் எண்ணிக்கை என்று எழுதிவரும் நான் இன்று மோட்டார் சைக்கிளைப் பற்றி எழுதப்போகிறேன். தமிழாசிரியனுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். நான் ஓட்டுவது பன்னிரண்டு ஆண்டுப் பழைய கப்சாய்தான். ஆனால், விலையுயர்ந்த புதுவண்டி வாங்கிய ஐவர், அதன் பழுதுக்காக வழக்குத் தொடரலாமா வேண்டாமா என்று விவாதித்த மேசையில் நானும் அமர்ந்திருந்தேன். அங்கே கேட்டவை வண்டியோடு முடிந்துவிடவில்லை. நாம் வகுப்பறையில் கற்பிக்கும் ஒரு பாடம்வரை வந்து நின்றன. ஆகவேதான் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ஐவருள் ஒருவர் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் ஆறாம் ஆண்டில் என்னிடம் படித்தவர். இப்போது கிள்ளான் துறைமுகத்தில் வேலை. மனைவி, ஒரு குழந்தை. பல ஆண்டுச் சேமிப்பை முன்பணமாகக் கட்டி, எஞ்சியதை வங்கிக் கடனாகப் பெற்று, 38,000 ரிங்கிட்டுக்குப் புதுவண்டி ஒன்றை வாங்கினார். இரண்டாம் மாதமே தொல்லை தொடங்கிவிட்டது. ஓடிக்கொண்டிருக்கும்போதே இயந்திரம் அணைந்துவிடும். சாலையோரம் சற்று நேரம் நிறுத்தி வைத்தால் மீண்டும் உயிர்பெறும். ஒருமுறை கூட்டரசு நெடுஞ்சாலையில் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அணைந்திருக்கிறது. அந்தச் சாலையில் மோட்டார் சைக்கிள்களுக்குத் தனித்தடம் இருப்பதால் பின்னால் கனவுந்து எதுவும் வரவில்லை. தனித்தடம் இல்லாத சாலையாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவருடைய மனைவி கேட்டார். பதில் சொல்ல எனக்கு நா எழவில்லை.

வண்டியை வாங்கிய கடைக்கே மூன்று முறை கொண்டுபோனார். மூன்று முறையும் “சரிபார்த்துவிட்டோம், குறை ஒன்றுமில்லை” என்ற பதில்தான் கிடைத்தது. மூன்றாம் முறை வண்டி பத்தொன்பது நாள் பட்டறையிலேயே கிடந்தது. தவணை மட்டும் நிற்கவில்லை. வாடகைக் கொள்முதல் முறையில் கடைசித் தவணையைக் கட்டும்வரை வண்டி வங்கிக்குச் சொந்தம். பழுதுதான் நமக்குச் சொந்தம் போலிருக்கிறது.

அதே வகை வண்டியை வாங்கி அதே தொல்லைக்கு ஆளான மேலும் நால்வரை அவர் கண்டுபிடித்தார். ஒரு ஞாயிறு மாலை அனைவரும் சாப்பாட்டுக் கடையொன்றில் கூடினர். மலாயில் கடிதம் எழுதித் தருவதற்காக என்னையும் அழைத்திருந்தார்கள்.

அன்று கேட்ட கருத்துகளை வரிசையாகச் சொல்கிறேன். ஒருவர், “ஐந்து பேரும் பணம் போட்டு வழக்கறிஞரை வைப்போம், சார். ஒரு கடிதம் போனாலே கடைக்காரர் இறங்கி வருவார்” என்றார். இன்னொருவர், “வழக்கு என்று போய்விட்டால் பிறகு உத்தரவாதத்தில் வண்டியைத் தொடமாட்டார்கள்” என்று தயங்கினார். மூன்றாமவர் வழக்கும் வேண்டாம், சண்டையும் வேண்டாம் என்றார். “இந்த வண்டியில் இப்படியொரு பழுது என்று ஊருக்குத் தெரிந்தால் நம் வண்டியின் விலைதான் விழும். பேசாமல் விற்றுவிடுவதே மேல்” என்பது அவர் கட்சி. நான்காமவர் ஒன்றும் பேசவில்லை; அவருக்கு ஏற்கெனவே இரண்டு தவணை பாக்கி. என் மாணவர் ஒன்றை மட்டுமே திரும்பத் திரும்பச் சொன்னார்: “என் பிள்ளையை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு இந்த வண்டியை ஓட்ட எனக்குப் பயமாக இருக்கிறது, சார்.”

தே தாரேக் ஆறிக்கொண்டிருந்தது. குரல்கள் மட்டும் ஏறிக்கொண்டே போயின. அப்போது நான் ஒரு கேள்வி கேட்டேன்: “வண்டி எந்தெந்த நாளில் அணைந்தது? எழுதி வைத்திருக்கிறீர்களா?” ஒருவரைத் தவிர மற்றவர்களிடம் எந்தக் குறிப்பும் இல்லை. பட்டறையில் தந்த தாள்களை இருவர் வீசிவிட்டிருந்தனர். ஒருவரிடம் தாள் இருந்தது. அதில் “எண்ணெய் மாற்றப்பட்டது” என்று மட்டுமே இருந்தது. அவர் என்ன முறையிட்டார் என்பது பதிவாகவே இல்லை. மன்றத்தின் கண்ணுக்கு அவர் அன்று எண்ணெய் மாற்றப் போனவர், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்பதை அறிந்துகொள்வது நமக்கு நல்லது. மலேசியாவில் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்கவேண்டும் என்பது அதன்படி வாங்குபவருக்குக் கிடைக்கும் உறுதி. பாதுகாப்பாக இருக்கிறதா, நீடித்து உழைக்கிறதா, சிறு குறைகளும் இல்லாமல் இருக்கிறதா என்பவற்றோடு, கொடுத்த விலையும் அங்கே கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும். நிறுவனம் தரும் உத்தரவாத அட்டை வேறு. சட்டம் தரும் இந்த உறுதி வேறு. “இதற்கு நாங்கள் பொறுப்பல்ல” என்று இரசீதில் அச்சடித்துவிடுவதால் சட்டத்தின் உறுதி மறைந்துபோகாது. கடைக்காரர் நியாயமான காலத்திற்குள் பழுதைச் சரிசெய்யாவிட்டால், பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையும் வாங்கியவருக்கு உண்டு. ஆனால், அந்த உரிமையையும் நியாயமான காலத்திற்குள்தான் பயன்படுத்த வேண்டும். ஈராண்டு ஓட்டித் தீர்த்துவிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்டால் யாரும் ஏற்கமாட்டார்கள்.

அதே சட்டத்தின்கீழ் பயனீட்டாளர் நடுவர் மன்றம் செயல்படுகிறது. அங்கே மனுக் கட்டணம் 5 ரிங்கிட்தான். பொதுவாக வழக்கறிஞர் யாரும் வாதாட வருவதில்லை. நாமே பேசவேண்டும், எதிர்த்தரப்பும் அவ்வாறே. தொடக்கத்தில் 10,000 ரிங்கிட்டாக இருந்த கோரிக்கை வரம்பு 2003இல் 25,000 ஆகி, 2019ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் 50,000 ஆனது. ஆகவே 38,000 ரிங்கிட் வண்டிக்கு அங்கேயே நியாயம் கேட்கலாம். சிக்கல் எழுந்து மூன்றாண்டுக்குள் மனுச் செய்யவேண்டும். மன்றம் அளித்த தீர்ப்பை 14 நாளுக்குள் நிறைவேற்றாவிட்டால் அது குற்றமாகும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். உடற்காயம், உயிரிழப்பு தொடர்பான கோரிக்கைகளை இந்த மன்றம் விசாரிக்காது. அவற்றிற்கு நீதிமன்றம்தான் போகவேண்டும். “ஏதாவது நடந்தால் பார்த்துக்கொள்வோம்” என்று காத்திருப்பவர், 5 ரிங்கிட்டில் திறக்கும் கதவைத் தாமே சாத்திக்கொள்கிறார்.

வழக்கறிஞரைப் பற்றிய பேச்சு இதைக் கேட்டபின் அடங்கியது. நான் ஒரு தாளை எடுத்து ஐந்து கட்டங்கள் வரைந்தேன். நாள், ஓடிய தொலைவு, அணைந்தபோது இருந்த சூழல், கடையில் சொன்னது, கடை சொன்ன பதில். ஒவ்வொருவரும் நினைவிலிருந்தும், கைப்பேசியில் எடுத்த படங்களின் தேதியிலிருந்தும் கட்டங்களை நிரப்பினார்கள். ஒரு மணி நேரத்தில் தாளே பேசத் தொடங்கியது. ஐவரில் நால்வருக்கு, அரைமணி நேரத்திற்குமேல் தொடர்ந்து ஓடி இயந்திரம் நன்றாகச் சூடேறிய பிறகே வண்டி அணைந்திருக்கிறது. பட்டறையில் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்தவர்களுக்குக் குறை தெரியாமல் போனதில் வியப்பில்லை. தனித்தனியே “உங்கள் ஓட்டும் முறை சரியில்லை” என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள், ஒரே தாளில் தங்கள் பழுது ஒன்றே என்று கண்டார்கள்.

இப்படித் தனித்தனிக் குறையாகத் தோன்றுவது உண்மையில் தயாரிப்பின் குறையாக இருப்பது உலகில் புதிதன்று. 2013ஆம் ஆண்டு அக்டோபரில் சுசுகி நிறுவனம் தன் ஜி.எஸ்.எக்ஸ்.-ஆர். வகை வண்டிகளை உலகெங்குமிருந்து திரும்ப அழைத்தது. அவற்றின் எண்ணிக்கை ஏறத்தாழ 2,10,000. முன்சக்கர பிரேக்கின் தலைமை உருளையில் உள்ள பிஸ்டன் அரிமானமடைந்து, வாயு உண்டாகி, பிரேக்கின் பிடி தளரக்கூடும் என்பதே காரணம். திரும்ப அழைக்கப்பட்டவற்றில் 2004ஆம் ஆண்டு வண்டிகளும் அடக்கம். பிரேக் தளர்ந்ததாக உணர்ந்த ஒருவர், தம் வண்டி மட்டுமே இப்படி என்று எண்ணியிருக்கக்கூடும். பலருடைய முறையீடுகளை ஒன்றாக அடுக்கிப் பார்க்கும்போதுதான் இத்தகைய பழுதின் முழு உருவம் புலப்படுகிறது. யாரும் முறையிடாவிட்டால் அடுக்குவதற்கே ஒன்றும் இராது.

சிங்கப்பூர் வாசகர்களுக்கும் ஒரு செய்தி. அங்கே 2012 செப்டம்பர் 1 முதல் நடப்புக்கு வந்த விதியின்படி, பொருளை ஒப்படைத்த ஆறு மாதத்திற்குள் தெரியவரும் குறை, ஒப்படைக்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். அப்படி இல்லையென்று காட்டவேண்டிய பொறுப்பு விற்றவருடையது. வண்டிகளுக்கும் இது பொருந்தும். ஆயினும், குறை எந்த நாளில் தெரிந்தது என்று சொல்ல அங்கும் நாள் குறித்த ஒரு தாள் வேண்டும்.

மீண்டும் நம் ஐவரிடம் வருகிறேன். ஐந்து பேரும் ஒரே கடிதத்தில் கையெழுத்திடவில்லை. மன்றத்தில் அவரவர் கோரிக்கையை அவரவரே எடுத்துரைக்க வேண்டியிருக்கும் என்பதால், கடிதமும் அவரவர் பெயரில் அமையட்டும் என்று முடிவாயிற்று. ஆனால் எழுதியவர் நால்வரே. விற்றுவிடலாம் என்றவர் அந்த வாரமே வண்டியை விற்றுவிட்டார். வாங்கியவரிடம் பழுதைச் சொன்னாரா என்று கேட்டேன். “நல்லா ஓடுற வண்டின்னு பார்த்துத்தான் வாங்கினாங்க, சார்” என்று சிரித்தார். வாங்கியவர் பதினெட்டு வயது இளைஞராம்.

மற்ற நால்வரின் கடிதங்களிலும் உரத்த சொல் ஒன்றுகூட இல்லை. வாங்கிய நாள், விலை, அணைந்த நாள்கள், கொண்டுபோன நாள்கள், சூடேறிய நிலையில் சோதிக்கவேண்டும் என்ற கோரிக்கை, 14 நாள் தவணை. அவ்வளவே. பதிவு அஞ்சலில் ஒரே நாளில் அனுப்பினார்கள். பன்னிரண்டாம் நாள் விநியோக நிறுவனத்தின் பொறியாளர் வந்து வண்டிகளை நெடுந்தொலைவு ஓட்டிப் பார்த்தார். நான்கு வண்டிகளுக்கும் எரிபொருள் பம்பு கட்டணமின்றி மாற்றப்பட்டது. மூன்று வண்டிகள் தேறிவிட்டன. என் மாணவரின் வண்டி அதன் பிறகும் இருமுறை அணைந்தது. அவர் நடுவர் மன்றத்தில் மனுச் செய்தார். விசாரணை நாளன்று தலைவர் முதலில் இருதரப்பையும் பேசித் தீர்க்கச் சொன்னார். கடை வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு, வங்கிக் கடனை அடைத்து, முன்பணத்தில் பெரும்பகுதியைத் தருவதாக ஒப்புக்கொண்டது. மன்றம் அந்த உடன்பாட்டையே தீர்ப்பாகப் பதிவு செய்தது. முழுப் பணமும் கிடைக்கவில்லை. ஓட்டிய மாதங்களுக்காக ஒரு தொகையைக் கழித்துக்கொண்டார்கள். அவர் அதை ஏற்றுக்கொண்டார். இப்போது அவரும் ஒரு கப்சாய்தான் ஓட்டுகிறார்.

இதில் ஆசிரியர்களும் பெற்றோர்களும் சிந்திக்க என்ன இருக்கிறது? அந்த மேசையில் இருந்தவர்கள் எல்லாரும் பள்ளியில் முறையீட்டுக் கடிதம் எழுதப் படித்தவர்கள்தாம். “இதனால் பெருந்துன்பத்திற்கு ஆளாகியுள்ளோம், தாங்கள் உடனடியாக ஆவன செய்வீர்கள் என்று நம்புகிறோம்” என்னும் வரிகள் அவர்களுக்கு இன்றும் மனப்பாடம். துன்பத்தைச் சொல்லும் சொற்கள் அவர்களிடம் நிறையவே இருந்தன. நாள், எண்ணிக்கை, தெளிவான கோரிக்கை ஆகியவைதாம் இல்லை. அடுக்குச் சொற்களுக்குப் புள்ளி தருகிறோம். என்று, எங்கே, எத்தனை முறை என்று சொல்வதற்கும் நாம் புள்ளி தரவேண்டும்.

இவ்வாண்டு என் வகுப்பில் ஒரு பயிற்சி தருகிறேன். வகுப்பறை மின்விசிறி ஒன்று அவ்வப்போது நின்றுவிடும். மாணவர்கள் இரண்டு வாரம் அதைக் கவனித்து, நின்ற நாளையும் நேரத்தையும் குறித்துவைத்து, அந்தக் குறிப்பைக் கொண்டு தலைமையாசிரியருக்குக் கடிதம் எழுதவேண்டும். ஒரு மாணவி தன் கடிதத்தில், மின்விசிறி ஏழு முறை நின்றதாகவும், ஏழும் பத்து மணிக்குப் பிறகே என்றும், அதை இரண்டு மணி நேரமாவது ஓடவிட்டுச் சோதிக்கவேண்டும் என்றும் எழுதியிருந்தாள். சுடுசொல்லும் இல்லை, கெஞ்சலும் இல்லை.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். குளிர்ப்பெட்டியோ கைப்பேசியோ மோட்டார் சைக்கிளோ, விலை கொடுத்து வாங்கும் எதற்கும் ஒரு கோப்பு வையுங்கள். இரசீதையும் பட்டறைத் தாளையும் அதில் போடுங்கள். பட்டறையில் நீங்கள் சொன்ன குறையை அவர்கள் தாளில் எழுதும்வரை கையெழுத்திடாதீர்கள். பிள்ளைகள் அருகில் இருக்கும்போதே இதைச் செய்யுங்கள்.

விற்கப்பட்ட அந்த ஐந்தாவது வண்டி இப்போது எந்தச் சாலையில் ஓடுகிறது என்று எனக்குத் தெரியாது. எரிபொருள் பம்பை மாற்றித் தருகிறார்கள் என்னும் செய்தியை அந்த இளைஞருக்கு எட்டச் செய்யுமாறு விற்றவரிடம் இருமுறை சொல்லிவிட்டேன். மூன்றாம் முறையும் சொல்வேன்.