ஊருக்கு வெளியே மூன்று மிருகங்கள்

மதுரையில் மேலக் கோபுரத்தை ஒட்டிய தெரு ஒன்றில், ஒரு விடுதியில் கணக்கு எழுதுகிறேன். சாவி கொடுப்பது, திரும்ப வாங்கி மாட்டுவது, வந்தவர்களுக்கு வழி சொல்வது எல்லாம் அந்த வேலையில் அடக்கம். செவ்வாய்க்கிழமை எனக்கு ஓய்வு.

ஸ்தலத்தில் வாழ்கிறவனுக்கு யாத்திரை கிடையாது. காசியில் படகோட்டுகிறவனுக்குக் கங்கை என்னவோ அதுதான் எனக்கு இந்தக் கோபுரங்கள். எத்தனையோ மைல் கடந்து வந்து இறங்கி, பெட்டியை வைத்ததும் வைக்காததுமாய் ஜன்னலைத் திறந்து கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். அவர்கள் முகத்தில் அந்நேரம் வருகிற ஒன்று என் முகத்தில் வந்ததில்லை. இதில் எனக்குப் பெருமையோ வருத்தமோ இல்லை. வந்து சேர்வதற்கு முதலில் ஒரு தூரம் வேண்டும். எனக்கு அது இல்லை, அவ்வளவுதான்.

ஆகவே ஓய்வு நாளில் நான் எதிர்ப்பக்கமாக நடக்கிறேன். கோவிலுக்கு முதுகைக் காட்டி மூன்று மணி நேரம் நடந்தால் எந்தத் திசையிலும் ஒரு மலை வந்துவிடும். மேற்கே காளவாசல், விராட்டிபத்து, அச்சம்பத்து வழியாகப் போனால் நாகமலை. அதையடுத்துக் கீழக்குயில்குடியில் சமணர்மலை. தென்மேற்கே திருப்பரங்குன்றம் சாலையில் பசுமலை. வடகிழக்கே வைகையைத் தாண்டிக் கோரிப்பாளையம், மாட்டுத்தாவணி, ஒத்தக்கடை என்று போனால் யானைமலை.

நாகம், பசு, யானை. சிறுவயதில் பாட்டி மொட்டை மாடியிலிருந்து மூன்றையும் காட்டிக் கதை சொல்லியிருக்கிறாள். திருவிளையாடற் புராணத்தில் உள்ள கதைதான். மதுரையை அழிக்கச் சோழன் ஏவ, சமணர்கள் வேள்வி வளர்த்தார்கள். தீயிலிருந்து யானை எழுந்தது. சொக்கநாதர் வேடனாக வந்து நரசிங்கக் கணையை விட்டார். யானை விழுந்து மலையாயிற்று. பிறகு பாம்பை ஏவினார்கள், அதுவும் மலையாயிற்று. அதன்பின் மாயப்பசு, அது நந்தியின் அழகைக் கண்டு மயங்கி விழுந்து மலையாயிற்று. ஒத்தக்கடைப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் அந்த யானை எழுந்துவிடுமோ என்று நான் பயந்திருக்கிறேன். பார்ப்பதற்கு அது அப்படித்தான் இருக்கிறது: துதிக்கையை முன்னால் நீட்டிப் படுத்த யானை, எழுவதற்குச் சற்று முன்.

நல்ல கதை. ஒரு நிலக்காட்சி முழுவதையும் ஒரே வீச்சில் கதையாக்கிவிடும் கற்பனையை இன்றும் நான் மதிக்கிறேன். இந்தக் கதையை விடுதியில் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. மலைகளைக் காட்டி, மிருகங்களைச் சொல்லி, கடைசியில் கணையை விடுவேன். குழந்தைகள் சிரிக்கும். பெரியவர்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள்.

ஒரு சித்திரை மாதம், நல்ல வெயிலில், கர்நாடகத்திலிருந்து ஒரு வயோதிகர் மனைவியோடு வந்து தங்கினார். ராமேஸ்வரம் போகிற கூட்டத்தில் ஒருவர் என்று நினைத்தேன். பொழுது சாய்வதற்கு முன்பே இருவரும் சாப்பாட்டை முடித்துக்கொண்டார்கள். அதை நான் கவனித்தேன், ஆனால் யோசிக்கவில்லை. இரவு அவர் மட்டும் கீழே இறங்கி வந்து, உடைந்த தமிழில், பக்கத்தில் பழைய மலைகள் இருக்கின்றனவாமே என்று கேட்டார். கேட்டதுதான் தாமதம், என் கதையை ஆரம்பித்துவிட்டேன். அவருக்குப் புரியவேண்டுமே என்று ஒவ்வொரு வாக்கியத்தையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். சமணர் என்ற வார்த்தை அவருக்குப் பிடிபடவில்லை போலிருந்தது. ஜைனர், ஜைனர் என்று விளக்கினேன். அதைச் சொன்ன அந்தக் கணத்தில்தான், யாரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்கு உறைத்தது. ஆனால் கதை பாதியில் நின்றது. யானை ஊரை நோக்கி ஓடி வந்துகொண்டிருந்தது. நிறுத்துவதும் அசிங்கம், தொடர்வதும் அசிங்கம். தொடர்ந்தேன். கணையை விட்டேன்.

அவர் கடைசிவரை கேட்டார். பிறகு, "அந்த யானை யாரையாவது கொன்றதா?" என்று கேட்டார்.

"இல்லை. ஊருக்குள் வருவதற்கு முன்பே..." என்றேன்.

"அப்படியானால் சரி," என்று சொல்லி மாடிக்குப் போனார். மறுநாள் விடியற்காலையில் நான் வருவதற்குள் அறையைக் காலி செய்துவிட்டுப் போயிருந்தார்கள். சாவி மேஜைமேல் இருந்தது.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமைதான் முதல்முதலாக யானைமலைக்கு நடந்தே போனேன். அதற்கு முன்னால் நடந்ததெல்லாம் காற்று வாங்கத்தான்.

யானைமலை அடிவாரத்தில் நரசிங்கம் என்ற ஊர். அங்கே குடைவரையில் யோக நரசிங்கப் பெருமாள். பராந்தக நெடுஞ்சடையன் காலத்தில், கி.பி. 770இல், மந்திரி மாறன் காரி குடைவித்த கோவில். அவன் வேலை முடியுமுன்பே இறந்துபோக, தம்பி மாறன் எயினன் முகமண்டபம் கட்டி முடித்தான் என்று கல்வெட்டு சொல்கிறது. அங்கிருந்து மலையை ஒட்டிச் சிறிது தூரம் போய் மேலே ஏறினால் ஒரு பெரிய பாறையின் நெற்றியில் தீர்த்தங்கரர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். பார்சுவநாதர், பாகுபலி, இயக்கி. சில உருவங்களில் பழைய சாந்தும் வண்ணமும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கீழே வட்டெழுத்து. எனக்கு வட்டெழுத்து படிக்கத் தெரியாது. அச்சில் வந்த பாடத்தை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போயிருந்தேன்.

அச்சணந்தி என்ற துறவியின் பெயர் அதில் வருகிறது. ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை இந்த உருவங்கள். ஞானசம்பந்தர் வாழ்ந்தது ஏழாம் நூற்றாண்டில். மதுரையில் எண்ணாயிரம் சமணர் கழுவேறியதாகச் சேக்கிழார் பாடியது பன்னிரண்டாம் நூற்றாண்டில். இரண்டுக்கும் நடுவில், கழுவேற்றம் நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு இருநூறு ஆண்டுக்குப் பிறகு, மதுரையிலிருந்து பார்த்தால் தெரிகிற மலையில் ஒருவர் நிதானமாக உட்கார்ந்து தீர்த்தங்கரர்களைச் செதுக்குவிக்கிறார். இது ஒரு செய்தி. ஆனால் என்னை உட்கார வைத்தது வேறொன்று. இந்தத் திருமேனிகளில் சிலவற்றைப் பாதுகாக்கும் பொறுப்பை யார் ஏற்றார்கள் என்பதையும் கல்வெட்டுகள் சொல்கின்றன. அவர்களில் ஒரு சாரார் நரசிங்கமங்கலத்துச் சபையார்.

நரசிங்கமங்கலம்! புராணத்தில் யானையைக் கொன்ற கணையின் பெயர் எதுவோ, அதே பெயர் கொண்ட ஊரின் சபை. பெருமாள் கோவிலை நடுவில் வைத்திருக்கும் ஊர். அவர்கள் கூடி, மேலேயிருக்கும் இந்த உருவங்கள் எங்கள் பாதுகாப்பில் என்று கல்லில் எழுத ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அன்பினாலா, வரிக்கணக்கினாலா, பக்கத்துவீட்டு மரியாதையினாலா என்று கல்வெட்டு சொல்லவில்லை. எனக்கு அது தேவையுமில்லை. பாதுகாப்பு என்று ஒரு வார்த்தை. ஊருக்குள் கதையாகியபோது அது கணையாகிவிட்டது.

இன்னொன்றும் யோசித்துப் பார்க்கவேண்டும். வேள்வியை மறுத்தவர்கள் சமணர்கள். எறும்புக்குத் தீங்கு வரக்கூடாதென்று பார்த்து நடக்கும் துறவிகள். புராணம் அவர்களை வேள்வித்தீ வளர்க்கவைத்து, அதிலிருந்து கொலைமிருகத்தை எழுப்பவைக்கிறது. எதிரியை அவனுடைய சொந்த முகத்தோடு வெறுப்பது சிரமம் போலும். முதலில் அவனுக்கு நம்முடைய ஆயுதத்தைக் கொடுக்கவேண்டியிருக்கிறது. விமர்சனம் எழுதுகிறவர்களுக்கும் இந்தப் பழக்கம் உண்டு. நம் பத்திரிகைச் சண்டைகளைப் புரட்டிப் பார்த்தால் தெரியும்.

பிறகு மற்ற மலைகளுக்கும் போனேன். சமணர்மலை அடிவாரத்தில் தாமரைக்குளமும் ஆலமரங்களும் அய்யனார் கோவிலும். மேலே ஏறினால் பேச்சிப்பள்ளத்தில் சுனையை ஒட்டிச் சிற்ப வரிசை. அதில் ஒன்றைச் செய்வித்தவள் அச்சணந்தியின் தாய் குணமதி. துறவியான மகன் பெயரைச் சொல்லிக்கொள்ளும் தாய். துறவு எங்கே முடிந்து உறவு எங்கே தொடங்குகிறது என்பதை அந்த வரி தீர்த்துவைக்கவில்லை. மலையின் இன்னொரு பக்கம் செட்டிப்புடவு. குகைவாயிலில் பெரிய தீர்த்தங்கரர். நீண்ட காதுகளைப் பார்த்து ஊர்க்காரர்கள் அவரைச் செட்டியார் ஆக்கிவிட்டார்கள். ஆடு மேய்க்க வந்த அம்மாள் ஒருத்தி, "செட்டியாரைப் பாக்க வந்தியளா?" என்றுதான் என்னைக் கேட்டாள். கழுவேற்றத்தைவிட இந்த மறதி எனக்குப் பிடித்திருக்கிறது. பெயர் போய்விட்டது. ஆனால் உட்கார இடம் கொடுத்திருக்கிறார்கள்.

இந்தச் சிற்பங்களைவிடப் பழையது அழகர்மலையில் கிடாரிப்பட்டிக் குகை. அங்கே போக ஒரு நாள் முழுக்க வேண்டும். பாதித் தூரம் பஸ். மழைத்தண்ணீர் உள்ளே வழியாமலிருக்கக் குகையின் நெற்றியில் காடி வெட்டியிருக்கிறார்கள். அங்கே தமிழ் பிராமியில் பெயர்கள், ஏறக்குறைய கி.மு. முதல் நூற்றாண்டில் வெட்டியவை. ஐராவதம் மகாதேவன் 2003இல் வெளியிட்ட பெருநூலில் இவற்றின் பாடங்கள் இருக்கின்றன. உப்பு வணிகன், கொழு வணிகன், அறுவை வணிகன், பொற்கொல்லன். உப்பும் ஏர்க்கொழுவும் துணியும் விற்றவர்கள், தட்டார். மதுரையின் பெயரும் அங்கே வருகிறது. கடைத்தெரு முழுவதும் மலையேறி வந்ததுபோல இருக்கிறது. துறவிகள் படுக்கக் கல்லைச் செதுக்கப் பணம் கொடுத்தவர்கள் இவர்கள். மன்னர்கள் அல்ல, என்னைப் போலக் கல்லாவில் உட்கார்ந்தவர்கள். கடையை யாரிடமாவது விட்டுவிட்டு அந்த உப்பு வணிகன் எந்தக் கிழமையில் இங்கே நடந்து வந்திருப்பான் என்று நினைத்துக்கொள்வேன்.

இந்தத் துறவிகள் காட்டின் நடுவுக்குப் போகவில்லை. ஊரில் பிச்சையெடுக்க முடிகிற தூரம். ஊரின் இரைச்சல் எட்டாத தூரம். இருநூறு, முந்நூறு பிரதிகள் அச்சடிக்கிறவர்களுக்கு இந்தத் தூரம் புரியும். ஊர் அவர்களுக்குச் சோறும் படுக்கையும் கொடுத்தது. பின்னால் ஒரு நாள் அதே ஊர் அவர்களை யானையும் பாம்புமாக ஆக்கியது. இரண்டும் மதுரைதான். ஒன்றைச் சொல்லி மற்றதை விடுவது வழி சொல்வதாகாது.

இப்போது கல்லுக்கு வேறு விலை வந்திருக்கிறது. மதுரைக்கு வடகிழக்கே அரிட்டாபட்டியில் தமிழ் பிராமியும் சமணச் சிற்பமும் பாண்டியர் குடைவரையும் ஒரே சுற்றில் இருக்கின்றன. 2022இல் அதைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். 2024 நவம்பரில் அந்தப் பகுதியை உள்ளடக்கி டங்ஸ்டன் எடுக்க ஏலம் விட்டார்கள். 2025 ஜனவரி 7ஆம் தேதி மேலூர்ப் பக்கத்து கிராமத்து ஜனங்கள், ஆயிரக்கணக்கில், நடந்தும் வண்டிகளிலுமாகத் தல்லாகுளம் நோக்கி வந்தார்கள். அது செவ்வாய்க்கிழமை. நானும் போய் ரோட்டோரம் நின்றேன். யானைமலையைக் கடந்து வருகிற சாலை அது. மலைப்பக்கத்திலிருந்து ஊரை நோக்கி இப்படி ஒரு கூட்டம் வருவதைப் பார்த்தபோது பாட்டியின் கதை ஞாபகம் வந்தது. அதில் வருகிற யானை இதுவாகத்தான் இருக்கவேண்டும் என்றும், யாரும் கணை தொடுக்காமலிருக்க வேண்டும் என்றும் ஒருசேரத் தோன்றியது. அந்த மாதமே ஏலம் ரத்தானது.

பாறையை அறுத்து எடுத்துவிட்டால் கல்வெட்டு மட்டுமல்ல, புராணமும் போய்விடும். பாட்டி காட்டுவதற்கு யானை இருக்காது.

விடுதியில் இப்போது வழி கேட்பவர்கள் குறைவு. எல்லாம் கைபேசியில் இருக்கிறது. ஆனாலும் ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, அதென்ன மலை என்று யாராவது கேட்கத்தான் செய்கிறார்கள். நான் இன்னும் யானைக் கதையைத்தான் முதலில் சொல்கிறேன். பாட்டி சொன்ன கதையை விட்டுவிட மனம் வரவில்லை. அதன்பின் நரசிங்கமங்கலத்துச் சபையாரைப் பற்றியும் சொல்கிறேன். கதை முடிந்தபிறகு வருகிற இந்தப் பகுதியில் சுவாரஸ்யம் குறைவு. பாதிப்பேர் அதற்குள் சாவியை வாங்கிக்கொண்டு மாடியேறிவிடுவார்கள். மீதிப்பேருக்கு ஒத்தக்கடை பஸ் எங்கே நிற்கும் என்று சொல்லி அனுப்புகிறேன்.

அந்தக் கர்நாடகக்காரர் கேட்ட கேள்விக்கு நான் அன்று சொன்ன பதில் சரியானதுதான். யானை யாரையும் கொல்லவில்லை. அங்கேயே நான் கதையை நிறுத்தியிருக்கலாம்.