காட்டுப் பாலை தோட்டத்துக்கு வருமா?

வைகாசி பிறந்து கச்சான் காற்று வீசத் தொடங்கியதும் திருகோணமலைச் சந்தைக்குப் பாலைப்பழம் வந்துவிடுகின்றது. நிலாவெளி, குச்சவெளிப் பக்கத்துக் காடுகளிலிருந்தும் மூதூர்ப் பக்கத்திலிருந்தும் வருவதனைச் சுண்டினால் அளந்து விற்பார்கள். உருவிலும் நிறத்திலும் வேப்பம்பழத்தை ஒத்தது. சுவையிலோ தேனுக்கு உறவு. நாலைந்து தின்றதும் பால் பட்டு உதடுகள் ஒட்டிக்கொள்ளும். பிள்ளைகளுக்கு அதுவே பாதி இன்பம். பறித்த ஓரிரு நாளிலே தளர்ந்து புளித்துவிடும் மென்கனி ஆகையால் நெடுந்தூரம் செல்வதற்கு இயலாது.

இம்மரத்தைச் சோழமண்டலக் கரையிலே கண்டு, 1795ஆம் ஆண்டில் நூலேற்றியவர் வில்லியம் றொக்ஸ்பரோ என்னும் தாவரவியலறிஞர். இன்று அதற்கு வழங்கும் ‘மணில்காரா’ என்னும் விஞ்ஞானப் பெயர், மலையாள நாட்டார் வழங்கிய சொல்லிலிருந்து பிறந்தது. மரம் மிக மெதுவாகவே வளரும். அதனால் வைரம் முற்றி, இரும்புபோல் கனக்கும். இலங்கைப் புகையிரதப் பாதைகளுக்குச் சிலிப்பர்க் கட்டைகளாகவும் அது பயன்பட்டதுண்டு. விதையிலிருந்து முளைத்த கன்று காய்ப்பதற்குப் பத்தாண்டுக்கு மேலும் செல்லும். ஆகவே, அதனை நட்டு வளர்ப்பாரைக் காண்பது அரிது. நாம் தின்பதெல்லாம் காடு தருகின்ற தானமே.

அத்தானத்தை நாம் பெறுகின்ற முறைதான் மனத்தை வருத்துகின்றது. உயர்ந்த மரத்தில் ஏறி ஒவ்வொன்றாகப் பறித்தல் கடினம் என்று, கொப்பையே வெட்டி வீழ்த்திப் பழம் பொறுக்குவோரும் உளர். ஒருமுறை சந்தையிலே மற்றவர்களுடையதிலும் பெரிதாகவும் இனிப்பாகவும் இருந்த பழத்தைச் சுவைத்து வியந்தோம். விற்ற மூதாட்டி சிரித்தார். “எல்லாப் பாலையும் ஒண்டே, பிள்ளை? இது குளத்தங்கரை மரம். போன வருசம் ஆரோ கொப்பை வெட்டிப்போட்டாங்கள், இந்த முறை பாதிதான் காய்ச்சது” என்றார். சிறந்த மரம் எது என்பதை அறிந்தவர்கள் பழம் பொறுக்குவோரே. அம்மரம் சிறந்தது என்பதாலேயே வெட்டுக்கு முதலில் ஆளாவதும் அதுவே.

அமெரிக்காவில் புளூபெரி என்னும் சிறுகனியும் ஒரு காலத்தில் இவ்வாறே காட்டுப் பழமாக இருந்தது. அரசாங்க விவசாயத் திணைக்களத்தைச் சேர்ந்த பிரெடரிக் கொவில், அச்செடி புளிப்புத் தன்மையுள்ள மண்ணிலேதான் செழிக்கும் என்று கண்டு, 1910ஆம் ஆண்டில் தம் ஆராய்ச்சியை வெளியிட்டார். அதனை வாசித்த நியூ ஜேர்சிப் பெண்மணி எலிசபெத் வைற், தம் நிலத்திலே ஆராய்ச்சியைத் தொடருமாறு அவரை அழைத்தார். அப்பெண்மணி செய்த காரியந்தான் நமக்குச் சுவையானது. பக்கத்துக் காடுகளில் பழம் பறிப்போரிடம் துளையிட்ட அளவுகருவிகளைக் கொடுத்து, அத்துளையினுள் நுழையாத பெரிய பழம் தரும் செடிகளைக் காட்டினால் பணம் தருவதாகவும், கண்டவர் பெயரையே செடிக்கு இடுவதாகவும் கூறினார். ரூப் லீக் என்பவர் காட்டிய செடி ‘ரூபல்’ ஆயிற்று. இன்றும் அது பயிரிடப்படுகின்றது. 1916ஆம் ஆண்டிலேயே தோட்டத்துப் புளூபெரி விற்பனைக்கு வந்துவிட்டது.

பாலைக்கும் இவ்வழி அடைபட்டதன்று. இந்தியாவில் சப்போட்டா ஒட்டுக்கன்றுகளுக்கு ஒட்டுக்கட்டையாக நெடுங்காலமாகப் பாலைக் கன்றையே கொள்கின்றனர். அதன் வேர் வறட்சியைத் தாங்கும் என்பதே காரணம். அந்நிய தேசத்துப் பழத்தைத் தன் காலில் நிற்கவைத்துவிட்டு, தான் மட்டும் காட்டிலே நிற்பது பாலையின் தலைவிதி போலும்! ஆயினும், குஜராத் மாநிலம் கோத்ராவுக்கு அருகே வேஜல்பூரிலுள்ள மத்திய தோட்டக்கலைப் பரிசோதனை நிலையம், பாலை மரங்களுள் நல்லதைத் தேர்ந்து ‘தார் ரிதுராஜ்’ என்னும் இனத்தை வெளியிட்டுள்ளது. காய்த்து முதிர்ந்த மரத்தின் ஒட்டுமுளையை இளங்கன்றில் பொருத்தினால், அம்முளை தன் முதிர்ச்சியை மறப்பதில்லை. ஆதலால், ஒட்டுக்கன்று பத்தாண்டு காத்திராமல் சில ஆண்டுகளிலேயே காய்க்கத் தொடங்கும். தாய்மரத்துச் சுவையும் மாறாது.

காட்டுப் பழம் முழுவதும் நமக்கே உரியதன்று. கரடிகள் பாலைப்பழக் காலத்தை எவ்வளவு ஆவலுடன் எதிர்நோக்கும் என்பதை வில்பத்துக் காட்டை அறிந்தோர் கூறுவர். தோட்டத்திலே பாலை காய்க்குமாயின், கரடியின் பங்கில் நாம் கைவைக்கவேண்டியதில்லை.

நாம் துப்பிவிடும் விதைகளைப் பழக்காலத்திலேயே ஊன்றிவைத்தால், மாரி மழை கன்றுகளை வளர்த்துவிடும். எனினும், அவை ஒட்டுவதற்கேற்ற பென்சிற் பருமன் அடைய ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் செல்லும். அதுவரையில் அந்தக் குளத்தங்கரை மரம், ஒட்டுமுளை எடுப்பதற்கு எஞ்சிய கொப்புகளுடனாவது நிற்கவேண்டும்.