அலர்

அகப்பாடல் நடத்தும்போது மாணவிகளுக்கு அதிகம் விளக்க வேண்டியிராத சொற்கள் அம்பலும் அலரும். ஒரு பெண்ணின் காதலைப் பற்றி நாலு பேர் தமக்குள் முணுமுணுத்தால் அம்பல். ஊரறியப் பேசினால் அலர். "எங்க தெருவும் அப்படித்தான் மேம்" என்று யாராவது சொல்லிவிடுவாள். அகத்திணையில் காதலர் பெயரைச் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பிய விதி. பெயர் மறைந்திருப்பதால்தான் அந்தப் பெண்ணால் மனம்விட்டுப் பேச முடிகிறது என்று எனக்குத் தோன்றும்.

தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண் உடலுக்கு அந்த மறைவு வாய்த்ததில்லை. மாதவிலக்குக்குப் பெயரே 'தூரம்'. என் பாட்டி காலத்தில் அந்த மூன்று நாளும் கொல்லைப்புறம். தட்டும் சொம்பும் தனி. யாருக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது என்பது தெருவுக்கே தெரியும். இன்றும் ஒரு சிறுமி வயதுக்கு வந்தால், அவள் படம் போட்ட மஞ்சள் நீராட்டு விழா ஃபிளெக்ஸ் சாலையோரம் நிற்கிறது.

இதிலிருந்து தப்பிக்கத்தான் பெண்கள் செயலிக்குப் போகிறார்கள். காலண்டரில் வட்டமிட்டால் வீடே பார்க்கும். கைபேசியில் குறித்தால் யாருக்குத் தெரியப்போகிறது? சென்ற ஆண்டு விடுதி மாணவி ஒருத்தி தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "நாள் தள்ளிப்போச்சுன்னு குறிச்சேன் மேம். அதிலேர்ந்து குழந்தைச் சாமான் விளம்பரமா வருது. லீவுல அண்ணனும் இந்தப் போனைத்தான் பார்ப்பான்." தேர்வுப் பதற்றத்தில் தள்ளிப்போன நாள் அது. அவள் குறித்ததற்கும் அந்த விளம்பரத்துக்கும் தொடர்பு உண்டா என்று அவளால் நிரூபிக்க முடியாது. தெருவில் அலர் தூற்றினால் வாய் யாருடையது என்றாவது தெரியும்.

இதற்கு, நிறுவனத்தைச் சாராத ஒருவர் உள்ளே எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. 2019 செப்டம்பரில் லண்டனைச் சேர்ந்த 'பிரைவசி இன்டர்நேஷனல்' அமைப்பு அதைச் செய்தது. மாதவிலக்குச் செயலிகளை இயக்கி, அவை வெளியே அனுப்புவதை வழியிலேயே இடைமறித்துப் படித்தது. இந்தியாவில் உருவான 'மாயா' அவற்றில் ஒன்று. கூகுள் பிளேயில் 50 லட்சம் பதிவிறக்கத்தைத் தாண்டியது. அதைத் திறந்ததுமே, தனியுரிமைக் கொள்கைக்குப் பெண் 'சரி' சொல்வதற்கு முன்பே, ஃபேஸ்புக்குக்குத் தகவல் போனது. உடல் உபாதை, மனநிலை, கருத்தடை என்று அவள் குறித்தவையும் போயின. செயலிக்குள் பொருத்தியிருந்த ஃபேஸ்புக்கின் மென்பொருள் துண்டுதான் தூது. ஆய்வு முடிவைக் கண்ட பிறகு, பகுப்பாய்வுக்கான அந்தத் துண்டை நீக்கிவிட்டதாக மாயா தெரிவித்தது.

விற்பவருக்கு இதில் என்ன லாபம்? மனநிலை தெரிந்தால் எப்போது எதை விற்கலாம் என்பது தெரியும். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் ஜேனட் வெர்டெஸி தன் கர்ப்பத்தை இணையத்துக்குத் தெரியாமல் மறைத்துப் பார்த்து, 2014இல் அதைப் பற்றி எழுதினார். சராசரி ஆளின் சந்தைத் தகவல் 10 சென்ட் பெறும் என்றால், கர்ப்பிணியுடையது ஒன்றரை டாலர் பெறும் என்கிறார்.

'உன் பெயரை நாங்கள் கேட்கவில்லையே' என்பார்கள். உண்மைதான். ஆனால் கைபேசிக்கு விளம்பர அடையாள எண் ஒன்று உண்டு. செயலிக்குச் செயலி அதே எண் போவதால், எல்லாம் ஒரே பெண் என்று கோத்துவிடலாம். அகப்பாடல் பெயரை மறைத்து மனதைக் காத்தது. இங்கே பெயர் மட்டும் மறைந்து, மனம் விலைக்குப் போகிறது.

எட்டிப் பார்ப்பவர்களுக்கு என்ன நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். நியூயார்க் பல்கலைக்கழகத்தின் லாரா எடல்சனும் டேமன் மெக்காயும், தன்னார்வலர்களின் திரையில் எந்த விளம்பரம், யாரைக் குறிவைத்து வருகிறது என்று திரட்டிவந்தார்கள். 2021 ஆகஸ்டில் ஃபேஸ்புக் அவர்கள் கணக்குகளை முடக்கியது. சொன்ன காரணம், பயனர்களின் தனியுரிமை! அரசு ஆணைக்குக் கட்டுப்பட்டே செய்ததாகவும் சொன்னது. அந்த ஆணையைப் பிறப்பித்த அமெரிக்க வர்த்தக ஆணையமே, நல்லெண்ண ஆய்வுக்கு அது தடையில்லை என்று மறுத்தது. 'உன் மானத்தைக் காக்கத்தான்' என்று சொல்லி வாசற்கதவைப் பூட்டும் குரல் நமக்குப் புதிதல்ல.

தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்யத் தடை விதிக்கிறது. கல்லூரிக்கு வந்து 18 முடிந்துவிட்டால், மிஞ்சுவது 'சம்மதம்' என்ற பொத்தான்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம், தகுதி பெற்ற ஆய்வாளர்களுக்குப் பெரிய தளங்களின் தரவைப் பார்க்கும் உரிமையைத் தருகிறது. நம் சட்டத்தில் அப்படியொரு வாசல் இல்லை.

ஆண்ட்ராய்டு அமைப்புகளில் அந்த விளம்பர எண்ணை அழிக்கலாம், மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனால் 'நீதான் ஜாக்கிரதையாக இருக்கணும்' என்பது, இருட்டிய பின் வெளியே போகாதே என்பதைப் போன்ற பழைய புத்திமதி. கண்காணிக்க வேண்டியது அவளை அல்ல, அவளைக் கண்காணிப்பவர்களை. கணினி அறிவியலும் புள்ளியியலும் படிக்கும் நம் பெண்கள் அந்த வேலைக்கு வர வேண்டும். அவர்கள் வரும்போது கதவு திறந்திருக்கும்படி சட்டத்தைக் கேட்டு வாங்குவது நம் எல்லோருடைய வேலை.