கடலை மிட்டாயும் காலண்டர் கணக்கும்

கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திக்கிறேன் மக்களே, பொறுத்துக்கோங்க.

எங்க ஊர் கோவில்பட்டி பக்கம் ஒரு கரிசல் காட்டு கிராமம். கோவில்பட்டின்னா உங்களுக்கு கடலை மிட்டாய் ஞாபகம் வரும். எங்களுக்கு முதல்ல ஞாபகம் வர்றது ஹாக்கி. 2022-ல ஜகார்த்தாவுல நடந்த ஆசியக் கோப்பையில வெண்கலம் வாங்கின இந்திய அணியில இருந்த மாரீஸ்வரன் சக்திவேல் எங்க கோவில்பட்டிக்காரர். சுத்துப்பட்டு ஊர்கள்ல கையில மட்டை இல்லாத பையனைப் பார்க்கிறது கஷ்டம். (நானும் ஆடினேன். ரைட் அவுட். பந்தை விட வேகமா ஓடி, பந்தை விட்டுட்டு ஓடுறதுல கில்லாடி.)

எங்க இளைஞர் மன்றத்து டீம்ல கீப்பரா நிக்கிற தம்பிக்கு பதினாறு வயசு. கால்ல கிரிக்கெட் பேட், தலையில அவங்க அப்பாவோட பைக் ஹெல்மெட். இதான் அவன் கவசம். 2024 மே மாசம் ஒரு பெனால்டி கார்னர்ல பந்து காறை எலும்புல பட்டு ரெண்டு வாரம் கையைத் தூக்க முடியலை. அவங்க அம்மா எங்க அம்மாகிட்ட வந்து, "இனிமே இவனை விளையாட விடப்போறதில்லக்கா"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. போன்ல அம்மா இதைச் சொன்னப்ப எனக்கு ஆபீஸ்ல ஆணி புடுங்கவே தோணலை.

முழு கீப்பர் செட்டுக்கு கடையில விசாரிச்சா, ஜலந்தர்ல இருந்து வரவழைக்க 24,500 ரூபாய்னாங்க. சரி, மன்றத்துல எதையாவது வித்து சேர்ப்போம்னு கிளம்பிட்டேன். நன்கொடை நோட்டை நீட்டினா ஒருத்தர் ஒரு தடவை நூறு ரூபா போடுவார், அடுத்த தடவை நம்மளைப் பார்த்ததும் லிஃப்ட்ல ஏறாம படியில இறங்குவார். தீபாவளிக்கு எப்படியும் வாங்கப்போற பலகாரத்தை நம்மகிட்ட வாங்குங்கன்னா கதையே வேற.

ஆனா ஊர்ல டீக்கடை அண்ணாச்சிகிட்ட இதைச் சொன்னதும் டீயை ஆத்திக்கிட்டே கேட்டார்: "காலண்டர் மாதிரி ஆயிராதுல்ல தம்பி?"

இங்கதான் நான் இதுவரை யாருக்கும் சொல்லாத விஷயம் வருது. 2016 டிசம்பர்ல மன்றத்துக்காக காலண்டர் அடிச்சு வித்தோம். நான் இன்ஜினியரிங் ரெண்டாம் வருஷம், படிச்ச பையன்னு பொருளாளர் ஆக்கிட்டாங்க. பண மதிப்பிழப்பு நேரம், யார் கையிலயும் சில்லறை இல்லை, பாதிக்கு மேல கடன்லயே போச்சு. வந்த பணத்தை என் பாக்கெட்லயே வச்சிருந்தேன். பிப்ரவரியில நாலு பேப்பர் அரியர் பீஸ் கட்ட வேண்டி வந்துச்சு. அப்பாகிட்ட அரியர்னு சொல்ல பயம். எடுத்துக் கட்டிட்டேன். அடுத்த மாசம் வச்சிருவோம்னு நினைச்சது வைக்கவே இல்லை. கணக்கு கேட்டப்ப 'வசூலாகாத கடன் 1,840'ன்னு எழுதிக் கொடுத்துட்டேன். யார் யார் பாக்கின்னு பேரும் எழுதணுமே... அதுல அண்ணாச்சி பேர்ல 600 ரூபாய். அவர் பத்து காலண்டருக்கும் காசை என் கையில எண்ணிக் கொடுத்தவர்.

அந்த வருஷம் கோல் வலை வாங்கலை. "அண்ணாச்சியே காசு குடுக்கலை"ன்னு ஒரு பேச்சு ஊர்ல சுத்துச்சு. அவர் என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதான் இன்னும் கஷ்டம்.

சரி, வியாபாரத்துக்கு வர்றேன். இந்தத் தடவை பொருளாளர் நான் இல்லை. பி.காம் படிக்கிற எங்க தெருத் தங்கச்சி. அது போட்ட சட்டம் மூணு. கடன் கிடையாது. பணம் வந்த பிறகுதான் சரக்கு வாங்கணும். எந்தப் பணமும் உங்க கைக்கு வரக்கூடாதுண்ணே. (கடைசிச் சட்டம் எனக்காகவே போட்ட மாதிரி சுருக்குன்னு இருந்துச்சு. அதுக்கு காலண்டர் கதை அப்ப தெரியாது.)

நாமளே வீட்ல செஞ்சு விக்கலாம்னு பசங்க சொன்னாங்க. அதுக்கு உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு, லேபிள், தேதி எல்லாம் வேணும். வேண்டாம்னு கோவில்பட்டியில தயாரிக்கிறவங்ககிட்டயே சீல் போட்ட பாக்கெட்டா எடுத்தோம். 2020-ல புவிசார் குறியீடு கிடைச்ச பிறகு 'கோவில்பட்டி கடலை மிட்டாய்'னு சொன்னாலே சென்னையில தனி மரியாதை. அதுகூட கால் கிலோ சாத்தூர் சேவு. பெட்டி, லாரி பார்சல் எல்லாம் சேர்த்து அடக்க விலை 185. விலை 275. நோட்டீஸ்ல 'ஒரு பெட்டிக்கு 90 ரூபாய் கீப்பர் கவசத்துக்கு'ன்னு பச்சையாவே போட்டோம். லாபத்தைச் சொன்னா பேரம் பேசுவாங்கன்னு நான் பயந்தேன். ஒருத்தர்கூட பேசலை. பைக் ஹெல்மெட்டோட அவன் நிக்கிற போட்டோ வேற இருந்துச்சே. பல கம்பெனிகள்ல பொட்டி தட்டுற ஒன்பது நண்பர்கள் ஆளுக்கொரு லிஸ்ட் எடுத்தாங்க. பதினைஞ்சு நாள்ல 312 பெட்டிக்கு பணம் தங்கச்சி கணக்குக்கு வந்துருச்சு. எட்டு பெட்டி கூட சேர்த்து 320 எடுத்தோம்.

ஆயுதபூஜை லீவு முடிஞ்சு அக்டோபர் 14, திங்கள் சாயங்காலம் பதினாறு அட்டைப்பெட்டி என் வேளச்சேரி ரூமுக்கு வந்து இறங்குச்சு. அன்னைக்கு ராத்திரி பிடிச்சது மழை! ஞாபகம் இருக்கா? ஜனங்க காரை எல்லாம் மேம்பாலத்துல கொண்டுபோய் நிறுத்தினாங்களே, அதே மழை. ஐடி ஆளுங்க எல்லாம் வீட்ல இருந்தே வேலை பார்க்கட்டும்னு அரசாங்கம் சொல்லிருச்சு. வாங்க வேண்டியவங்க ஆபீஸ்ல இல்லை. என் ரூமோ தரைத்தளம். நானும் ரூம்மேட்டும் கட்டில் மேல பெட்டியை அடுக்கிட்டு, சேர்ல உட்கார்ந்தே தூங்கினோம். பார்க்காம விட்ட ஒரு பெட்டி கதவோரமா நனைஞ்சிருச்சு. காலையில பிரிச்சா பதினாலு பெட்டி போச்சு. சேவு நமுத்து, வெல்லம் இளகி... அவ்வ்வ்.

கூட எடுத்த எட்டை மாத்திக் கொடுத்தோம். மிச்சம் ஆறு பேருக்கு 1,650 ரூபாய் திருப்பித் தரணும். "நான் போட்டுர்றேன், கணக்குல காட்ட வேண்டாம்"னேன். தங்கச்சி ஒத்துக்கலை. "நஷ்டமும் கணக்குதான்ணே. மறைச்சா நாளைக்கு லாபத்தையும் நம்ப மாட்டாங்க."

அன்னைக்குத்தான் காலண்டர் கதையை அதுகிட்ட சொன்னேன். ரொம்ப நேரம் போன்ல சத்தமே இல்லை. அப்புறம், "சரிண்ணே, அந்தப் பணத்தை அனுப்புங்க. ஆனா முதல் வரியில எழுதுவேன்"னுச்சு.

தீபாவளிக்கு ஊருக்குப் போனப்ப டீக்கடைச் சுவத்துல கணக்கு ஒட்டியிருந்துச்சு. முதல் வரி: '2016 காலண்டர் பணம், அன்றைய பொருளாளர் திருப்பிக் கொடுத்தது, 1,840.' அதுக்குக் கீழ வரவு 85,800, சரக்கு 59,200, மழையில நனைஞ்சதுக்குத் திருப்பினது 1,650, கவசம் 24,500. மிச்சம் 2,290-க்கு பந்து.

உள்ள போகவா வேண்டாமான்னு தெருவுலயே நின்னேன். அண்ணாச்சி பார்த்துட்டார். டீயை வச்சார். கண்ணாடியை மாட்டிக்கிட்டு சுவத்தை இன்னொரு தடவை வாசிச்சார்.

"நான் குடுத்துட்டேன்னும் எழுதச் சொல்லு தம்பி. அதை எழுதலையே."

பேனா வாங்கி நானே எழுதினேன். டீக்கு காசு வாங்கிக்கிட்டார்.

புதுக் கவசத்தோட முதல் மேட்ச்ல கீப்பர் தம்பி மூணு கோல் விட்டான். குனியவே முடியலைண்ணேன்னான். அவங்க அம்மா கோட்டுக்கு வெளிய நின்னு பார்த்துக்கிட்டிருந்தாங்க.