மரைனர்ஸ் தோத்த காலை

தீபாவளிக்கு மறுநாள் காலை, 2025 அக்டோபர் 21. முறுக்கு டின்னை மடியில வெச்சுக்கிட்டு, அமெரிக்கன் லீக் இறுதிச் சுற்றின் ஏழாவது பேஸ்பால் ஆட்டத்தைப் பார்த்தேன். நம்ம சியாட்டில் மரைனர்ஸ் 3-1 முன்னிலை. டொராண்டோ ஸ்பிரிங்கர் அடிச்ச ஒரே அடியில 4-3 தோல்வி. உலகத் தொடருக்கு ஒரு தடவைகூடப் போகாத ஒரே அணி இன்னமும் நாமதான்.

ஆள் பலத்துக்குக் குறைச்சல் இல்ல. அந்த சீசன்ல கேல் ராலே 60 ஹோம் ரன்! முட்டி மடக்கி உட்கார்ந்து பந்து பிடிக்கிற கேட்சர் இத்தனை அடிச்சது சரித்திரத்திலேயே இல்லை. கிர்பி, கில்பர்ட், வூன்னு ஆரம்பப் பந்துவீச்சும் வலுதான். அவங்க இறங்கின பிறகுதான் தலைவலி. அன்னைக்கு முன்யோஸை அனுப்பாம பசார்டோவை அனுப்பினது எனக்கு இன்னும் செரிக்கல.

பெரிய அடிக்கு வீசி வீசியே அவுட் ஆகறது இன்னொரு வியாதி. கடைசி இன்னிங்ஸ்ல மூணு பேரும் ஸ்ட்ரைக் அவுட். அடுத்து இறங்க வேண்டிய ராலே மட்டையோட நின்னுக்கிட்டே இருந்தார்.