டாலி சாட்ஸில் ஒரு பகல்

அக்டோபர், முதல் சனிக்கிழமை

இருட்டோடு வாஷிங்டனை விட்டுக் கிளம்பியும், மேற்கு வர்ஜீனியாவில் டாலி சாட்ஸ் மலைக்குச் சரளைச் சாலையில் ஏறி பேர் ராக்ஸ் பாறைகளை அடைவதற்குள் நன்றாக வெயில் ஏறிவிட்டது. கார் கதவைத் திறந்ததும் காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது. சுமார் 4,000 அடி உயரம். மேற்கிலிருந்து வரும் காற்றை இங்கே தடுக்க எதுவுமில்லை.

மலை விளிம்பில் ஒரு ஸ்ப்ரூஸ் மரம். என் தோளைவிடச் சற்றே உயரம். மேற்குப் பக்கம் ஒரு கிளைகூட இல்லை. கிழக்கே மட்டும், பறக்கும் கொடியைப் போல, எல்லாக் கிளைகளும் ஒருசேர நீண்டிருந்தன. குளிர்காலக் காற்றும் அது வாரியடிக்கும் பனித்துகளும் அந்தப் பக்கத்துத் துளிர்களைப் பிழைக்க விடுவதில்லை. அடிமரத்தைத் தொட்டுப் பார்த்தேன். மேற்கே வழவழப்பு, கிழக்கே சொரசொரப்பு.

கண்ணுக்கெட்டிய தூரம் புளூபெர்ரிப் புதர்கள் செக்கச்செவேலென்று இலை பழுத்துக் கிடக்கின்றன. எல்லோரும் படமெடுக்கிறார்கள், நாங்களும்தான். ஆனால் இந்த வெட்டவெளியில் பெரும்பகுதி மனிதர் உண்டாக்கியது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கி, ரயில் பாதை போட்டு இங்கிருந்த ஸ்ப்ரூஸ் காட்டை மொட்டையடித்தார்கள். வெட்டிப்போட்ட கிளைகள் காய்ந்து தீப்பிடித்தன. மரங்களின் நிழலில் பல தலைமுறையாகச் சேர்ந்த மக்குமண்ணும் உலர்ந்துபோயிருந்ததால், பல இடங்களில் அது பாறை தெரியும்வரை எரிந்தது. போதாததற்கு, இரண்டாம் உலகப் போரின்போது ராணுவம் இங்கே பீரங்கிப் பயிற்சி நடத்தியது. 1997இல் தேடியபோதுகூட வெடிக்காத குண்டுகள் அகப்பட்டன. 1975இல்தான் இந்த இடத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது. 2009இல் பரப்பைக் கூட்டினார்கள். இப்போது 17,000 ஏக்கருக்கு மேல்.

மதியம் ஒரு பாறை மறைவில் சாப்பாடு. அதே பாறையின் கிழக்குப் பக்கத்து இடுக்கில், உள்ளங்கை அளவு கறுப்பு மண்ணில், முழங்கால் உயர ஸ்ப்ரூஸ் கன்று ஒன்று. நுனியில் இந்த வருடத்துத் துளிர். இன்று பார்த்ததிலேயே எனக்குப் பெரியதாகப் பட்டது இதுதான். காடு திரும்பி வந்துகொண்டிருக்கிறது. அதற்கு அவசரமில்லை, நாமும் அவசரப்படுத்த முடியாது.

போகிறவர்களுக்கு: வனத்துக்குள் மரங்களில் வழிக்குறி கிடையாது, கையில் வரைபடம் வேண்டும். பாதையை விட்டு இறங்காதீர்கள், அந்த மெல்லிய மண் மிதி தாங்காது. துருப்பிடித்த இரும்பு எதைக் கண்டாலும் தொடாமல், இடத்தைக் குறித்துக்கொண்டு அதிகாரிகளிடம் சொல்லுங்கள்.